நடைபாதையில் விழுந்தால் முதலில் அளவுகோல்

உடைந்த நடைபாதையில் தடுக்கி விழுந்து உள்ளாட்சியிடம் இழப்பீடு கேட்பதானால், பழுதைச் சரிசெய்யும் முன் படம் எடுத்துவிடுங்கள். புகார் போனதும் பூசிவிடுவார்கள், சாட்சியமும் சேர்ந்து மூடப்படும்! எழும்பிய கல்லின் விளிம்பில் அளவுகோலை நிமிர்த்தி, மில்லிமீட்டர் தெரிய ஒரு படம். விளக்குக்கம்ப எண்ணோடு தள்ளிநின்று இன்னொன்று. வெறுமனே ‘பெரிய பள்ளம்’ என்று எழுதினால் எடுபடாது. மருத்துவக் குறிப்பில் எங்கே, எதில் தடுக்கியது என்பதும் இருக்கட்டும்.

வழக்கமாக வரும் பதில்: ‘முறையாகப் பார்வையிட்டோம், அப்போது பழுதில்லை.’ அதனால் அந்தத் தெருவின் ஆய்வுப் பதிவேட்டையும் முந்தைய புகார்களின் நகலையும் எழுத்தில் கேளுங்கள். அதே பழுதைப் பற்றி யாரோ முன்பே புகார் தந்திருந்தால் அந்தப் பதில் நிற்பது கடினம். குழாய்க்காகத் தோண்டி மூடிய இடமென்றால் பொறுப்பு வேறு துறையுடையதாகவும் இருக்கலாம். இழப்பீடு கேட்பதற்கான காலக்கெடு இடத்துக்கு இடம் மாறும். அதை முதல் வாரமே விசாரித்துவிடுங்கள்.