கிள்ளானிலிருந்து வந்த பெட்டிகள்

மலேசியாவில் பிளக்குக்கு மூன்று தட்டைக் கால்கள். இந்தியாவில் உருண்டைக் கால்கள். கல்யாணமாகி மலேசியாவின் கிள்ளான் ஊரிலிருந்து கோபிச்செட்டிபாளையம் வந்தபோது நான் கப்பலில் அனுப்பியிருந்த ரைஸ் குக்கர், பிளெண்டர், இஸ்திரிப் பெட்டி எதுவும் இந்த வீட்டுச் சுவரில் நுழையவில்லை. அடாப்டர் வாங்கினால் தீர்ந்தது. ஆனால் இவையெல்லாம் இங்கே ஏற்கெனவே இருந்தன. அதனால் என் பெட்டிகளில் பாதி பிரிக்காமலே அட்டாலிக்கு, அதாவது பரணுக்கு, ஏறின.

பிரிக்க மனம் வராததற்கு வேறு காரணமும் உண்டு. பேச்சும் கோயிலும் சோறும் ஒன்றுதானே, உனக்கென்ன கஷ்டம் என்று சொல்லித்தான் சொந்தங்கள் அனுப்பி வைத்தார்கள். ஆனால் காகிதத்தில் நான் வெளிநாட்டுக்காரி. 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வருகிறவர்கள் 14 நாளுக்குள் பதிவு செய்துகொள்ள வேண்டும். இந்தியரைக் கட்டியவர்கள் நெடுநாள் இங்கே தங்க உதவும் ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடிமக்கள்) அட்டைக்கு விண்ணப்பிப்பதற்கே கல்யாணம் பதிவாகி 2 வருடம் ஆகியிருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில் ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்றுதான் இருந்தேன். கட்டிய பெட்டி கட்டியபடி கிடந்தால், எப்போது வேண்டுமானாலும் கிளம்பிவிடலாம் என்று ஒரு தைரியம்.

சேர்த்து வைப்பது எங்கள் குடும்பத்தில் ஊறிய பழக்கம். பாட்டனார் நாமக்கல் பக்கத்திலிருந்து நாகப்பட்டினம் போய்க் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர். ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்த அம்மாவுக்குக் காலி மைலோ டின்னும் பிஸ்கட் தகரமும்கூடச் சொத்துதான். இல்லாமையைப் பார்த்தவர்கள் அப்படித்தான் இருப்பார்கள். அதை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன்.

மார்கழி பாதி தாண்டியதும் இந்த வீட்டில் ஒரு வேலை தொடங்கியது. கொங்கு நாட்டில் பொங்கலுக்கு முன்னால் வீட்டையே கவிழ்த்துக் கொட்டுவார்கள். ஒட்டடை அடித்து, சுண்ணாம்பு பூசி, அட்டாலியில் இருப்பதையெல்லாம் வாசலுக்கு இறக்குவார்கள். அண்டா, குண்டா, தூக்குப்போசி, முறம், மடித்த பவானி ஜமக்காளம் என்று வாசல் நிறைந்துவிடும். மார்கழிக் கடைசி நாளில் வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் சேர்த்துக் கட்டி, வீட்டு இறவாணத்திலும் (கூரை விளிம்பிலும்) தொழுவத்திலும் வயக்காட்டிலும் காப்புக் கட்ட வேண்டும். அதற்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும்.

சீக்கிரம் முடிக்கலாமே என்று நான் பாத்திரங்களை மொத்தமாக அள்ளித் தொட்டியில் போடப் போனேன். அத்தை தடுத்தார்கள். “அம்மிணி, ஒவ்வொண்ணா எடு. ஒண்ணக் கழுவறப்ப அடுத்ததப் பாக்காதே.”

கோலாலம்பூரில் இருந்தபோது பிரிக்ஃபீல்ட்ஸ் புத்த விகாரைக்குத் தியானம் பழகப் போயிருக்கிறேன். மூச்சு உள்ளே வருகிறது, வெளியே போகிறது, மனம் ஓடினால் திட்டாமல் திருப்பிக் கொண்டு வா என்பார்கள். கண்ணை மூடினால் எனக்கு அது ஒட்டவே இல்லை. இங்கே புளியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பித்தளைப் போசியைத் தேய்க்கும்போது ஒட்டியது. பச்சைக் களிம்பு கரைந்து, விளிம்பில் வெட்டியிருந்த பெயர் மெல்லத் தெரிய வரும். அது யாருடைய சீர், எந்த அம்மாயி எந்தக் கல்யாணத்துக்குக் கொடுத்தது என்று அத்தை சொல்வார்கள். சொல்லி முடித்த பிறகுதான் அது வீட்டுக்குள் போகுமா வெளியே போகுமா என்ற பேச்சு. “இதை யாரு பொழங்கறா?” என்பதுதான் எப்போதும் கேட்கும் கேள்வி. பெரிய அண்டா ஒன்று ஊர்க் கோயில் சமையலுக்குப் போனது. ஓட்டைக் குடம் பழைய இரும்புக்காரரிடம் போனது. கல்யாணப் போசி உள்ளே வந்தது, மறுநாளே அதில் பால் காய்ந்தது.

அப்புறம் என் பெட்டிகள் இறங்கின. அத்தை பக்கத்தில் உட்கார்ந்தார்கள், ஒன்றையும் தொடவில்லை. டப்பர்வேர் டப்பாக்கள், பள்ளிக்கூடத்துச் சான்றிதழ்கள், தோழி கொடுத்த பாஜு குரோங் என்ற மலாய்ப் பெண்கள் உடை, அம்மா திணித்து அனுப்பிய தகரங்கள். ஒவ்வொன்றுக்கும் கதை கேட்டார்கள். சொல்லச் சொல்ல அழுகை வந்தது. அழுது முடித்தேன், அடுத்ததை எடுத்தேன். கதையைக் கேட்க ஓர் ஆள் கிடைத்துவிட்டால் பொருள் மேல் இருக்கும் பிடி தளர்ந்துவிடுகிறது. இதை எந்த வகுப்பிலும் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ரைஸ் குக்கரையும் பிளெண்டரையும் மலேசியாவுக்குத் திரும்பிப் போகிற ஒரு குடும்பத்துக்குக் கொடுத்தோம். பாஜு குரோங் பீரோவில் என் சேலைகளுக்கு நடுவே இருக்கிறது. பொங்கலன்று அதைத்தான் உடுத்தினேன்.

வீட்டைக் காலியாக்குவதே குறி என்று சிலர் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மூட்டை கட்டி வெளியே தள்ளுவதும், பார்க்காமலே அட்டாலியில் ஏற்றுவதும் எனக்கு ஒன்றுதான். போகி என்று பிளாஸ்டிக்கையும் டயரையும் கொளுத்துவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அந்தப் புகை பக்கத்து வீட்டுக் குழந்தையின் நெஞ்சுக்குள்தான் போகும்.

இப்போது மார்கழிக்காகக் காத்திருப்பதில்லை. விளக்கு வைத்த பிறகு அலமாரியில் ஏதாவது ஒரு தட்டை மட்டும் ஒழுங்கு செய்கிறேன். வீட்டுக்காரருக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. சாம்பிள் பீஸ் என்று கொண்டுவரும் சட்டைகள்தான் இந்த வீட்டில் தீராத குவியல். அவரையும் உட்கார வைத்து ஒவ்வொன்றாக மடிக்கச் சொல்கிறேன். அந்த நேரத்தில் இருவரும் போனைத் தொடுவதில்லை. முதலில் முணுமுணுத்தார், இப்போது அவரே கூப்பிடுகிறார்.

அம்மா வருகிற தைக்கு வருகிறார். திருச்சியில் இறங்கி, கரூர், ஈரோடு வழியாக வர வேண்டும். என்னென்ன கொண்டு வரட்டும் என்று தினமும் போனில் கேட்கிறார். பெலாச்சான் என்ற இறால் விழுது மட்டும் போதும், கூடவே அந்த லயத்துக் கதைகளை அத்தைக்கு நீங்களே சொல்லுங்கள் என்றிருக்கிறேன்.