இரண்டு கொம்பும் ஒரே ஃபோகஸில்: நீளக்கொம்புத் தேனீ

ஒருவழியாகக் கிடைத்துவிட்டது! சென்னை நன்மங்கலம் காட்டோரம், காய்ந்த புல்தண்டைத் தாடையால் கவ்வியபடி தூங்கிய ஆண் தேனீ. உணர்கொம்பு இரண்டும் அடி முதல் நுனி வரை ஒரே படத்தில், ஸ்டாக்கிங் (ஃபோகஸ் மாற்றி எடுத்த பல படங்களை ஒன்றாக்குவது) இல்லாமல். பெரிதாக்கிக் கணுக்களை எண்ணினேன். சரியாக 13. பெண்ணாக இருந்தால் 12தான்.

நீலப்பட்டைத் தேனீ என்றால் பூத்த துளசிக்கே வந்துவிடும். யூசெரினி என்ற இந்த நீளக்கொம்புக் கூட்டத்து ஆளைக் கண்ணில் காண்பதே அபூர்வம். கண்டாலும், கிட்டத்தட்ட உடம்பு நீளத்துக்கு இருக்கும் அந்தக் கொம்பு பாடாய்ப் படுத்தும். ஒன்றுக்கு ஒன்று மேக்ரோவில் (பூச்சி தன் நிஜ அளவிலேயே சென்சாரில் விழும்) லென்ஸ் துளையைச் சுருக்கி எஃப் 11 வைத்தாலும் ஃபோகஸ் ஆழம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். கண்ணில் ஃபோகஸ் வைத்தால் கொம்பு நுனி கரைந்துபோகிறது. அந்தத் துளையை இன்னும் மூடினால் முழுப் படமும் மழுங்குகிறது. அதனால் கண்ணை விட்டுவிட்டு, இரு கொம்பும் விரிந்திருக்கும் தளத்துக்கு இணையாக சென்சாரைக் கொண்டுவந்தேன். நெற்றிக்கு மேலிருந்து கொஞ்சம் சாய்வாக. கை கொஞ்சம் திரும்பினாலும் ஒரு கொம்பு போச்சு.

அடுத்த எதிரி காற்று. மூங்கில் குச்சியை நட்டு, அதில் கட்டிய துணி கிளிப்பால் தண்டின் அடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். தேனீக்கு ஒரு சாண் கீழேயே போடுங்கள், மேலே கை வைக்கவே கூடாது. வெயில் ஏறி உடம்பு சூடாகும்வரை அது பெரும்பாலும் அசையாது.

ஃபிளாஷ் ஒளியை மென்மையாக்கும் டிஃப்யூசருக்கு, பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் வாங்கிய ட்ரேசிங் பேப்பர் இரண்டு அடுக்கு. ஆன்லைனில் காசு கொட்டி வாங்கியது முதல் மழையிலேயே பிரிந்து வந்துவிட்டது, அந்தப் பக்கமே போகாதீர்கள்.

அப்புறம், கொல்லையில் ஒரு பகுதிக்கு சிமெண்ட் போட வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். பெண் தேனீ மண்ணில்தான் வளை தோண்டும். மழைக்கு முன் அங்கே கொழுஞ்சியும் துத்தியும் விதைக்கப் போகிறேன்.

பெயர்தான் இன்னும் முடிவாகவில்லை. முன்சிறகின் மேல்விளிம்பை ஒட்டிய சிறு அறைகள் இரண்டா மூன்றா என்று தெரிய வேண்டும். இந்தக் கூட்டத்துப் பேரினங்களில், குறுகிய பொருளில் யூசெரா (டெட்ரலோனியாவைச் சேர்க்காமல்) என்றால் இரண்டு, டெட்ரலோனியா என்றால் மூன்று. தூங்கும்போது சிறகுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து நரம்புகள் குழம்புகின்றன, முன்னிருந்து ஃபிளாஷ் அடித்தால் வெறும் பளபளப்புதான். இனம்வரை உறுதியாகச் சொல்லப் பிடித்துக் கொன்று ஊசி குத்த வேண்டியிருக்கும், அது என்னால் ஆகாது. அடுத்த முறை ஃபிளாஷைத் தேனீக்குப் பின்னால் தாழ வைத்துப் பார்க்கிறேன்.