1914: படைதிரட்டல் நாட்குறிப்பு

ஜூலை 23
மாலை 6 மணிக்கு ஆஸ்திரியத் தூதர் கீஸல் பெல்கிரேடில் பத்துக் கோரிக்கைகளை நீட்டினார். கெடு 48 மணி நேரம். ஆஸ்திரிய இளவரசர் சுடப்பட்ட சரயேவோ கொலை நடந்தது ஜூன் 28. இவ்வளவு தாமதம் ஏன்? சிப்பாய்களில் பலர் அறுவடை விடுப்பில் இருந்தார்கள். போதாததற்கு, பிரெஞ்சு அதிபர் புவான்காரே பீட்டர்ஸ்பர்க்கில் விருந்தாளி. அவரும் ரஷ்யர்களும் கூடிப் பேச வழியில்லாதபடி, அவர் கப்பலேறும் நேரம் பார்த்துத்தான் கடிதம் கொடுக்கப்பட்டது.

ஜூலை 25
செர்பியா முடிந்தவரை வளைந்துகொடுத்தது. நீதி விசாரணையில் ஆஸ்திரிய அதிகாரிகள் பங்கேற்பதை மட்டும் ஒரேயடியாக மறுத்தது. கீஸல் பதிலைப் படித்த கையோடு 6.30 ரயிலில் ஏறிவிட்டார். மூட்டை முடிச்சு முன்பே கட்டியாகிவிட்டது!

ஜூலை 29
செர்பியாவுக்கு ஆதரவாக, ஆஸ்திரியாவை மட்டும் மிரட்ட ரஷ்யா நினைத்தது: கீவ், ஒடெசா, மாஸ்கோ, கசான் ஆகிய நான்கு ராணுவ மாவட்டங்களில் படைதிரட்டல். கேட்க நிதானமாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படி ஒரு திட்டமே கையில் இல்லை. இருந்தது முழுப் படைதிரட்டலுக்கான ஒரே அட்டவணை. ஆஸ்திரியாவை எதிர்க்க, ஜெர்மன் எல்லையை ஒட்டிய வார்சா மாவட்டத்து ரயில் பாதைகள் வேண்டும். அதைத் தொட்டால் ஜெர்மனி சும்மா இருக்காது. பாதியைத் திரட்டிவிட்டுப் பிறகு முழுமைக்கு மாறினால் ரயில் பெட்டிகளும் ரிசர்வ் வீரர்களும் தவறான ஊர்களில் சிக்கிக்கொள்வார்கள்.
ரஷ்யப் பேரரசர் ஜார் முழுப் படைதிரட்டல் ஆணையில் கையெழுத்திட்டார். மூன்று அமைச்சர்களின் ஒப்பமும் வாங்கி, படைதிரட்டல் பிரிவுத் தலைவர் தோப்ரோரோல்ஸ்கி மத்திய தந்தி அலுவலகத்துக்குப் போனார். பிரதிகள் தட்டச்சாகிக்கொண்டிருந்தபோது, இரவு சுமார் 9.30க்குத் தொலைபேசி: நிறுத்துங்கள். ஜெர்மானியப் பேரரசரின் தந்தி ஜாரின் மனதை மாற்றிவிட்டது.

ஜூலை 30
பிற்பகலில் வெளியுறவு அமைச்சர் சசோனோவ் ஜாரை மீண்டும் சம்மதிக்க வைத்தார். மாலை 6 மணியளவில் தந்திகள் பறந்தன.

ஆகஸ்ட் 1
பெர்லினில் கதை தலைகீழ். பிரிட்டன் ஒதுங்கி நிற்கும் என்று லண்டனிலிருந்த ஜெர்மன் தூதரின் தந்தி சொன்னதும், பிரான்ஸை நோக்கிய படையைக் கிழக்கே ரஷ்யா பக்கம் திருப்பு என்றார் பேரரசர். முடியாது என்றார் தளபதி மோல்ட்கே. ஒரு கோர் (பல டிவிஷன்கள் சேர்ந்த பெரும் படைப்பிரிவு) நகரவே சுமார் 140 ரயில்கள் வேண்டும். கொலோன் பாலத்தில் மட்டும் ஆகஸ்ட் 2 முதல் 18 வரை 2,150 ரயில்கள், சுமார் பத்து நிமிடத்துக்கு ஒன்று. திருப்பியிருக்க முடியும் என்று ராணுவ ரயில்வே நிபுணர் ஜெனரல் ஸ்டாப்ஸ் பின்னாளில் வாதிட்டார். எனக்கு நம்பிக்கையில்லை, ஏறிய படையைத் திருப்பினால் என்னாகும் என்பதை ஆஸ்திரியா அதே மாதம் காட்டியது.

ஆகஸ்ட் 18
ஆஸ்திரியத் தளபதி கான்ராட் தன் இரண்டாம் படையைச் செர்பியா பக்கம் அனுப்பியிருந்தார். ரஷ்யா இறங்கியதும் திருப்பச் சொன்னார். நடுவழியில் மாற்றினால் பாதைகள் அடைபடும் என்று ரயில்வே பிரிவு கைவிரித்தது. எனவே தெற்கே போய் இறங்கி, இன்றுமுதல் மறுபடி ஏறி, ரஷ்ய எல்லையோர ஆஸ்திரிய மாகாணமான கலீசியாவுக்குப் பயணம். அதிலும் ஒரு பகுதி செர்பியச் சண்டையில் மாட்டிக்கொண்டது. மிச்சம் வந்து சேர்ந்தபோது அங்கே போர் தொடங்கிவிட்டது. செப்டம்பர் தொடக்கத்தில் கலீசியாவின் தலைநகர் லெம்பர்க் ரஷ்யர் வசமானது.