பெலன்ஸ், அட்வான்ஸ், கிரெடிட்: வாயில் இருக்கும் காசு இங்கிலீஷ்

காசைப் பற்றிப் பேச நமக்கு இங்கிலீஷ் சொல்லுக்குப் பஞ்சமில்லை. அட்வான்ஸ், பெலன்ஸ், லோன், செக்ரோல் (வேலை நாள் பதியும் ஏடு), போனஸ் என்று தேயிலைத் தோட்டத்தில் பள்ளிக்கூடப் பக்கமே போகாதவர்களுக்கும் பாதி தெரியும். ஆனால் நாம் வைத்திருக்கும் அர்த்தம் ஒன்று, பேங்க் கடிதத்தில் இருக்கும் அர்த்தம் வேறொன்று. புதுச் சொல் படிப்பதைவிட இந்தப் பழைய சொற்களைச் சரிபார்ப்பதுதான் முதல் வேலை.

ஹட்டன் பஸ்ஸில் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டிவிட்டு ‘பெலன்ஸ் தாங்க’ என்கிறோம். அந்த மிச்சக் காசுக்கு இங்கிலீஷில் சேஞ்ச் என்று பெயர். பெலன்ஸ் என்பது ஒரு கணக்கில் நிற்கும் தொகை. அது உங்களுடைய காசாகவும் இருக்கலாம், நீங்கள் கட்ட வேண்டிய கடனாகவும் இருக்கலாம். பாஸ்புக்கில் பெலன்ஸ் 40,000 என்றால் உங்களிடம் இருக்கிறது. லோன் கடிதத்தில் அவுட்ஸ்டாண்டிங் பெலன்ஸ் 40,000 என்றால் இன்னும் அவ்வளவு கட்ட வேண்டும். அதே கடிதத்தில் டியூ என்று இருந்தால் கட்ட வேண்டிய நாள் வருகிறது. ஓவர்டியூ என்றால் நாள் போய்விட்டது. அரியர்ஸ் என்றால் போன நாட்களின் பாக்கி சேர்ந்து நிற்கிறது.

கிரெடிட் இதைவிடக் குழப்பம். கடையில் கிரெடிட் என்றால் கடன். அதனால் ‘அக்கவுண்ட் கிரெடிட்டட்’ என்று போனுக்கு மெசேஜ் வந்ததும் கடன் ஏறிவிட்டதோ என்று பதறுபவர்கள் உண்டு. காசு வந்திருக்கிறது என்பதுதான் அதன் பொருள். பேங்க் தன் பக்கத்திலிருந்து கணக்கு எழுதுகிறது. நீங்கள் காசு போட்டால் அது பேங்க் உங்களுக்குத் திருப்பித் தர வேண்டியது. அதைத்தான் கிரெடிட் என்று எழுதுகிறார்கள். டெபிட் என்றால் கணக்கிலிருந்து போனது.

அட்வான்ஸில் யார் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று பார்க்க வேண்டும். சம்பள அட்வான்ஸ் வாங்கினால் கொடுக்க வேண்டியது நீங்கள். கடையில் அலுமாரிக்கு அட்வான்ஸ் கட்டினால் கடைக்காரர் உங்களுக்குப் பொருள் கொடுக்க வேண்டும். நகை அடகு வைக்கும்போது பேங்க் துண்டில் அட்வான்ஸ் என்று இருப்பது உங்கள் கைக்கு வந்த கடன் தொகை. வட்டி அதன்மேல்தான் ஓடும். நகையை மீட்பதற்கு ரிடீம்.

தமிழில் கடன் ஒரே சொல். வாங்கு, கொடு என்று பின்னால் சேர்த்துக்கொள்கிறோம். இங்கிலீஷில் வினையே மாறுகிறது. வாங்குவது பாரோ, கொடுப்பது லெண்ட். பாரோவுக்குப் பின் ஃப்ரம் வரும், லெண்டுக்குப் பின் டு வரும்; மீ, ஹிம் போன்றவை லெண்டை ஒட்டியே வந்தால் டு வேண்டாம். ‘பாரோ மீ தவுசண்ட்’ என்பது பிழை. ‘லெண்ட் மீ தவுசண்ட்’ என்று கேட்க வேண்டும். கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதற்கு ஓ என்ற குட்டிச் சொல்: ‘ஐ ஓ ஹிம் தவுசண்ட்’. பில்லும் ரிசீட்டும் ஒன்றல்ல. பில் காட்டினால் கட்டச் சொல்கிறார்கள். ரிசீட் கையில் இருந்தால் கட்டியாயிற்று. தவணை கட்டிவிட்டு பில்லை மட்டும் பத்திரமாக வைத்திருப்பதில் பலன் இல்லை.

இனி சம்பளத் துண்டு. மேலே இருப்பது கிராஸ், அதாவது எதுவும் வெட்டாத தொகை. டிடக்‌ஷன்ஸ் என்பது வெட்டியவை. கடைசியில் நெட் பே, கைக்கு வருவது. 2024 செப்டம்பர் வர்த்தமானியில் தோட்டத் தொழிலாளருக்கு நாட்சம்பளமாக வந்த 1,350 ரூபாயை வைத்துப் பார்ப்போம். அரைப்பேர் (அரை நாள் கூலி) இல்லாமல் 20 நாள் முழுப்பேர் (முழு நாள் கூலி) என்றால் 27,000. இதில் ஈபிஎஃப், அதாவது ஊழியர் சேமலாப நிதி, 8 வீதம், 2,160 ரூபாய், உங்கள் சம்பளத்திலிருந்து வெட்டப்படும். எம்ப்ளோயர், அதாவது வேலை கொடுப்பவர், தன் பங்காக 12 வீதம், 3,240 ரூபாய் போட வேண்டும். இரண்டும் சேர்ந்து 5,400 உங்கள் பெயரில் சேமலாப நிதிக்குப் போகிறது. ஈடிஎஃப், அதாவது ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி, 3 வீதம், 810 ரூபாய், முழுவதும் எம்ப்ளோயர் தலையில். அட்வான்ஸ் 5,000 எடுத்திருந்தால், வேறு வெட்டு எதுவும் இல்லாவிட்டால், நெட் பே 19,840.

இங்கே நடக்கும் பிழைகள் இரண்டு. ஈபிஎஃப் 20 வீதமும் நம் சம்பளத்தில்தான் வெட்டுகிறார்கள் என்று நினைப்பது ஒன்று. டிடக்‌ஷன்ஸ் வரிசையில் ஈடிஎஃப் இருந்தும் கேட்காமல் விடுவது மற்றது. இருந்தால் துண்டோடு போய் கிளாக்கர் ஐயாவிடம் ‘இது எம்ப்ளோயர் கான்ட்ரிபியூஷன்தானே, ஏன் டிடக்‌ஷனில் இருக்கு?’ என்று கேளுங்கள். கான்ட்ரிபியூஷன் போடுவது, டிடக்‌ஷன் வெட்டுவது. இந்த இரண்டு சொல் தெரிந்தால் பாதிக் கணக்கு விளங்கும். ஓவர்டைம் காசுக்கு ஈபிஎஃப் கிடையாது, அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டுக் குறைகிறது என்று சண்டைக்குப் போக வேண்டாம். இன்னொன்று, அடையாள அட்டையிலும் ஈபிஎஃப் பதிவிலும் உங்கள் பெயரின் இங்கிலீஷ் எழுத்துகள் ஒன்றாக இருக்கின்றனவா என்று வேலையில் இருக்கும்போதே பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் காசு எடுக்கும் வயதில் அலைச்சல்.

லோன் படிவத்தில் மிக விலை உயர்ந்த சொல் ஃப்ளாட். அசலுக்கு பிரின்சிபல், வட்டிக்கு இன்ட்ரஸ்ட். 60,000 ரூபாயை ஒரு வருடத்துக்கு 24 வீத ஃப்ளாட் ரேட்டில் எடுத்தால் வட்டி 14,400; மாதம் 6,200 கட்ட வேண்டும். மாதாமாதம் அசல் குறைந்துகொண்டு வந்தாலும் வட்டி மட்டும் கடைசி மாதம் வரை முழு 60,000க்கே போடப்படுகிறது. அதே 24 வீதம் ரெடியூசிங் பெலன்ஸ் என்றால் மீதி அசலுக்கு மட்டும் வட்டி. மாதத் தவணை சுமார் 5,674, வருட வட்டி சுமார் 8,080. வீதம் ஒன்று, வித்தியாசம் ஆறாயிரத்துக்கு மேல். ஃப்ளாட் 24 என்பது ரெடியூசிங் கணக்கில் ஏறக்குறைய 42. ‘டூ பர்சென்ட்தான்’ என்று யாராவது சொன்னால் பர் மன்தா, பர் ஆனமா என்று கேளுங்கள். பர் ஆனம் என்றால் வருடத்துக்கு. மாதம் 2 என்றால் வருடத்துக்கு 24.

கையெழுத்து விஷயத்தில் விட்னஸும் கேரன்டரும் வேறு வேறு. விட்னஸ், இன்னார் கையெழுத்து வைத்ததைப் பார்த்தேன் என்று சொல்லும் சாட்சி. கேரன்டர், அவர் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன் என்று ஒப்புக்கொள்பவர். ‘சும்மா ஒரு சைன், சித்தி’ என்று நீட்டும் தாளில் இந்த இரண்டில் எது இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பேனாவை எடுங்கள். ஜாயிண்ட்லி அண்ட் செவரலி என்று இருந்தால், குழுவில் ஐந்து பேர் இருந்தாலும் முழுக் கடனையும் ஒருவரிடமே கேட்கலாம்.

பத்திரிகை, டிவி பக்கம் வந்தால் முதல் தடை எண்கள். ஒரு மில்லியன் பத்து லட்சம், ஒரு பில்லியன் நூறு கோடி. 2023 மார்ச்சில் ஐஎம்எஃப், அதாவது சர்வதேச நாணய நிதியம், இலங்கைக்கு அனுமதித்த கடன் சுமார் 3 பில்லியன் டொலர், அதாவது 300 கோடி டொலர். எகானமி பொருளாதாரம், எகனாமிக் பொருளாதாரம் சார்ந்தது, எகனாமிக்கல் சிக்கனமானது. கேஸ் குறைவாகப் பிடிக்கும் அடுப்பு எகனாமிக்கல்.

இன்ஃப்ளேஷன் பணவீக்கம். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி 2022 செப்டம்பரில் அது 69.8 வீதம். முந்திய வருடம் 100 ரூபாய்க்கு வாங்கிய சாமான் சராசரியாக 170 ரூபாய் என்று அர்த்தம். அடுத்த வருடம் செப்டம்பரில் 1.3க்கு இறங்கியபோது ‘அப்ப சாமான் விலை ஏன் இறங்கல?’ என்ற கேள்வி எல்லாக் கடை வாசலிலும் கேட்டது. இறங்கியது ஏறும் வேகம்தான். 170 ரூபாய் சாமான் 172 ஆனது. விலையே இறங்கினால் அதற்கு டிஃப்ளேஷன் என்று தனிச் சொல் இருக்கிறது.

வேஜ் நாட்கணக்கில் வரும் கூலி, சாலரி மாதச் சம்பளம். வேஜுக்கு முன்னால் நாமினல் வந்தால் தாளில் எழுதிய தொகை. ரியல் வந்தால் அந்தத் தொகைக்கு எவ்வளவு அரிசி, மா, சீனி வாங்கலாம் என்ற கணக்கு. 2021 மார்ச்சில் 1,000 ஆன நாட்சம்பளம் 2024 செப்டம்பரில் 1,350 ஆனது. நாமினல் வேஜ் மூன்றரை வருடத்தில் 35 வீதம் ஏறியது. இடையில் ஒரே வருடத்தில் விலை ஏறியது 69.8 வீதம். ரியல் வேஜ் எந்தப் பக்கம் போனது என்று பார்க்கக் கல்குலேட்டர் தேவையில்லை.