அவரும் டெஸ்ட்டு பாஸ் பண்ணவருதானே

அஸ்தோரிங்கற ஃபுட்பால்காரர் பேர நான் எடுத்திருக்கணுமான்னு இன்னும் ஒரு முடிவுக்கு வரமுடியல.

17 வயசுப் பையன், ஃபுட்பால்ல சென்டர் பேக் ஆடுறான், கோல் விடாம தடுக்குற இடம், டீம் டிரயலுக்கு மெடிக்கல் ஃபாரம்ல சைன் வேணும்னு அப்பாவோட வந்திருந்தான். ஈசிஜி எடுக்குறது என் வேலை, சைன் போடுறது டாக்டர் வேலை. பேப்பர் ஓடும்போதே பாத்தேன், நெஞ்சுல ஒட்டுற வயர்ல வி1ல இருந்து வி3 வரைக்கும் டி அலை, அதாவது ஒவ்வொரு துடிப்புக்கும் பின்னால வர்ற மேடு, தலைகீழா இருக்கு, போதாததுக்கு நடுவுல ஒரு துடிப்பு முந்திக்கிட்டு அகலமா வந்து விழுந்திருக்கு. சின்னப் பிள்ளைங்களுக்கு டி அலை அப்படி இருக்கலாம், இந்த வயசுல சும்மா விட முடியாது. எக்கோ, அதான் இதயத்த ஸ்கேன் பண்றது, அத பாக்காம சைன் இல்லன்னுட்டாரு டாக்டர்.

அப்பா கவுண்டருக்கு வந்து என்கிட்ட சத்தம் போட்டாரு, பயந்துக்கிட்டு புள்ள வாழ்க்கைய கெடுக்குறீங்கன்னு. அப்பதான் சொன்னேன், டாவிடே அஸ்தோரின்னு ஒருத்தரு, இவன மாதிரியே டிஃபெண்டர், ஃபியோரெந்தினா கிளப் கேப்டன், இத்தாலிக்கே ஆடுனவரு, 2018 மார்ச் 4, உடினேசி கூட மேட்ச்சுக்குப் போன ஊர்ல ஹோட்டல் ரூம்ல செத்துக் கெடந்தாரு, வயசு 31தான்னு.

பையனுக்கு என்னைவிட நல்லாத் தெரிஞ்சிருக்கு. "13ஆம் நம்பருதானே ணே, அவரு முன்னாடி ஆடுன கக்லியாரி கிளப்பும் அந்த நம்பர இனி யாருக்கும் இல்லன்னு எடுத்துட்டாங்கல்ல"ன்னான். அப்புறம் மெதுவா, "அவரும் வருஷா வருஷம் டெஸ்ட்டு பாஸ் பண்ணவருதானே?"

"அதனாலதான் தம்பி இன்னொரு டெஸ்ட்டு கேக்குறோம்"னேன். அப்போ சரியான பதிலாதான் பட்டுச்சு. வீட்டுக்குப் போற வழியிலயே அது பதிலே இல்லன்னு தோணிருச்சு. இத்தாலில விளையாட்டுக்காரங்களுக்கு மெடிக்கல் கட்டாயம்னு 1982லயே சட்டம் வந்தாச்சு, அங்கயே தப்பினது இங்க ஒரு எக்கோல மாட்டுமா?

ஆனா முழுசா தப்பவும் இல்ல. அஸ்தோரிக்கு உடம்ப வருத்தி எடுத்த டெஸ்ட்டுல துடிப்பு தப்பி வந்திருந்தும் மேற்கொண்டு பாக்காம சர்டிபிகேட் கொடுத்துட்டாருன்னுதான் அங்க இருந்த டாக்டர் மேல கேஸு, 2021ல ஃபுளோரன்ஸ் கோர்ட்டு ஒரு வருஷம் தண்டனை போட்டுச்சு. இதையாவது பையன்கிட்ட சொல்லியிருக்கலாம். ஆனா ஆள் செத்தப்புறம் அந்த ஈசிஜி கோடு எல்லாருக்கும்தான் தெளிவாத் தெரியும், நல்லா ஓடிட்டு இருக்குற கேப்டன் முன்னால நிக்கும்போது நானா இருந்தா என்ன சொல்லியிருப்பேன்? அப்பா சொன்ன பயமும் முழுப் பொய் இல்ல லா, கேஸு ஞாபகம் எனக்கு இருந்துச்சு.

எக்கோ தேதி வர்றதுக்குள்ள டிரயல் முடிஞ்சிருச்சு. எக்கோ நார்மல். டாக்டர் சந்தேகப்பட்ட இதய நோய்ல இதயத்தோட வலது கீழறை தசை கொஞ்சம் கொஞ்சமா கொழுப்பாவும் நாராவும் மாறும், ஆரம்பத்துல எக்கோல பிடிபடாமலே போகலாம், அதனால எம்ஆர்ஐ பாக்கச் சொன்னாங்க. அப்பா கூட்டிட்டுப் போகல. எக்கோ ரிசல்ட்ட மட்டும் கவுண்டர்ல வச்சுட்டு ஒண்ணும் பேசாம போயிட்டாரு.

பையன் இப்போ பினாங்குல பிறைங்கற ஊர்ல ஒரு ஃபேக்டரி டீமுக்கு ஆடுறான்னு கேள்விப்பட்டேன். அங்க ஃபாரமெல்லாம் யாரும் கேக்குறதில்லையாம்.