ஸ்கார்பரோவில் ஒரு கராஜை நம்புவது

ஸ்கார்பரோ இருக்கும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் காருக்கு முதல் எதிரி உப்பு. குளிர்காலம் முழுக்க ரோட்டில் பனி உறையாமலிருக்கக் கொட்டும் உப்பு, வண்டியின் அடிப்பாகத்தை அரித்துக்கொண்டே இருக்கும். திருச்சியில் பல வருஷம் ஓடிய வண்டியில் பார்க்காத துருவை இங்கே சில குளிர்காலங்களிலேயே பார்த்துவிடலாம். அதனால் கராஜுக்கு, அதாவது கார் பழுதுபார்க்கும் கடைக்கு, ஆயில் மாற்றப் போனாலும் கூடவே ஒரு நீளமான பட்டியலைக் கையில் கொடுப்பார்கள். அதில் எது அவசியம், எது வியாபாரம் என்று புதிதாக வந்தவருக்கு எப்படித் தெரியும்? ஊரில் மெக்கானிக் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்ளலாம். இங்கே பல இடங்களில் வேலை நடக்கும் பகுதிக்குள் விடமாட்டார்கள்.

எங்கள் காரில் பிரேக் பிடித்தால் பின்பக்கம் கிரீச்சென்று ஒரு சத்தம் வந்தது. வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த பெரிய கடையில் காட்டினோம். நாலு சக்கரத்துக்கும் ரோட்டர் (சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு), பேடு (அந்தத் தட்டை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் பட்டை), அதோடு பிரேக் ஆயில் என்று சொல்லி, ஆயிரத்து நானூறு டாலர் ஆகும் என்றார்கள். எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன். கவுண்டரில் இருந்தவர், "இன்றைக்கே செய்தால்தான் இந்த விலை" என்றார். அதற்குமேல் அங்கே நிற்க மனசில்லை.

அடுத்து, கூட வேலை செய்யும் நண்பர் சொன்ன சிறிய கராஜுக்குப் போனோம். அதை நடத்துபவர் யாழ்ப்பாணத்துக்காரர். வண்டியை மேலே தூக்கும் ஹாய்ஸ்டில் ஏற்றி, சக்கரத்தைக் கழற்றிவிட்டு, என்னைக் கூப்பிட்டார். முன் பேடில் தடிமன் அளக்கும் கேஜை வைத்துக் காட்டினார்: ஆறு மில்லிமீட்டர். புதுசு பத்து, பன்னிரண்டு இருக்கும். மூன்றுக்கு வந்தால் மாற்ற வேண்டும். பின்னால்தான் பிரச்சினை. பேடை அழுத்தும் காலிப்பர் நகர்வதற்கென்று இருக்கும் ‘பின்’ என்ற கம்பி உப்பில் துருப்பிடித்து இறுகிவிட்டது. அதனால் ரோட்டரின் ஒரு பக்கத்துப் பேடு மட்டும் இரும்பு தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது; மறுபக்கத்துப் பேடில் பாதி மிச்சம்.

"முன்னுக்கு இப்ப மாத்தத் தேவையில்லை தம்பி. அடுத்த விண்டருக்கு முன்னம் ஒருக்கா கொண்டு வாங்கோ, பாப்பம்" என்றார். பின்பக்கத்துக்கு மட்டும் கணக்குப் போட்டு, நான் கேட்காமலே தாளில் எழுதிக் கொடுத்தார்.

முதல் கடை சொன்னது முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். பின் பிரேக் உண்மையிலேயே போயிருந்தது. ஆனால் பல பெரிய கடைகளில் மெக்கானிக்குக் கூலி மணிக்கணக்கில் கிடையாது. இந்த வேலைக்கு இத்தனை மணி நேரம் என்று புத்தகத்தில் போட்டிருக்கும். அதை வைத்து வேலைக்கு இவ்வளவு என்று சம்பளம். கவுண்டரில் இருப்பவருக்கு விற்பனையில் கமிஷனும் இருக்கும். மனுஷர் நல்லவராகவே இருந்தாலும், அப்படிப்பட்ட ஏற்பாட்டில் பட்டியல் நீளத்தான் செய்யும்.

யாழ்ப்பாணத்து அண்ணன் எழுதிக் கொடுத்த அந்தத் தாள் அவருடைய நல்ல மனசு மட்டுமில்லை, சட்டமும் அதைத்தான் சொல்கிறது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஒன்டாரியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வேலை தொடங்கும் முன் எழுத்தில் மதிப்பீடு தர வேண்டும். நாமாக வேண்டாம் என்றால்தான் விலக்கு. கடைசிப் பில் அந்த மதிப்பீட்டைவிட 10 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தருவதாகக் கடைக்காரரே சொல்ல வேண்டும். போட்ட பாகத்துக்கும் வேலைக்கும் 90 நாள் அல்லது 5,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு. எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது பழைய பாகம். மாற்றியதாகச் சொன்ன பேடு கையில் வந்துவிட்டால், அது எவ்வளவு தேய்ந்திருந்தது என்று நம் கண்ணே சொல்லிவிடும்.

நம்ம ஆட்களின் கராஜ்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். "கேஷாகக் கொடுத்தால் வரி இல்லை" என்பது அங்கே அடிக்கடி காதில் விழும். 13 சதவீதம் மிச்சம் என்றால் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் பில் இல்லை என்றால் அந்த 90 நாள் உத்தரவாதத்தை எதைக் காட்டிக் கேட்பது? நம் மொழி பேசுகிறவர், கோவிலில் பார்த்தவர் என்பதற்காகத் தாளை விட்டுவிடக் கூடாது. "அண்ணா, பில் போட்டுத் தாங்கோ" என்று கேட்பது அவரை அவமதிப்பது ஆகாது. நாளைக்கு ஒரு பிரச்சினை என்றால் நேர்மையாக வேலை செய்த அவரையும் அந்தத் தாள்தான் காப்பாற்றும்.

பில்லில் தகராறு வந்தால் கோபத்தில் பணம் தராமல் வண்டியை எடுத்து வந்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். செய்த வேலைக்குப் பணம் வரும்வரை காரைப் பிடித்து வைக்க இங்கே கடைக்காரருக்குச் சட்டப்படி உரிமை உண்டு. பணத்தைக் கட்டி, பில்லை வாங்கிக்கொண்டு, அப்புறம் மாகாண நுகர்வோர் பாதுகாப்புத் துறையில் புகார் கொடுப்பது ஒரு வழி.

புதிதாக வந்தவர்கள் என்னிடம் கராஜ் கேட்டால், கார் கெட்டுப்போகும்வரை காத்திருக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். குளிர்காலம் தொடங்கும் முன் எப்படியும் விண்டர் டயர் மாட்ட வேண்டும். சின்ன வேலை, பெரிய செலவில்லை. அதற்கு ஒரு கடைக்குப் போய்ப் பாருங்கள். விலையை முன்கூட்டியே எழுதித் தருகிறார்களா, நட்டைச் சரியான அளவுக்கு இறுக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்குகிறார்களா, நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நட்டை மறுபடி சரிபார்க்க வரச் சொல்கிறார்களா என்று கவனியுங்கள். திரும்பிப் போகும்போது காசு கேட்காமல் சரிபார்த்து அனுப்பினால், பிரேக் வேலையையும் அங்கேயே கொடுக்கலாம்.