தேய்ந்த டூர்னிக்கெட்டில் பழகாதீர்கள்: முதலுதவிச் செயன்முறைப் பரீட்சைக்கு

செயன்முறைப் பரீட்சைக்குத் தயாராகிறவர்கள் கைவேகத்தைப் பழகுகிற அளவுக்குக் கையிலிருக்கும் சாமானைப் பார்ப்பதில்லை. டூர்னிக்கெட் என்பது இரத்தப் பெருக்கை நிறுத்தக் கையிலோ காலிலோ இறுக்கிக் கட்டும் நாடா. ஒரு வகுப்பு முழுவதும் மாறி மாறி இறுக்கித் தளர்த்திய டூர்னிக்கெட் பொய் சொல்லும். அதன் திருகுகோலை ஐந்து சுற்றுச் சுற்றிப் பழகிய கை, புதியதிலும் அப்படியே சுற்றப் பார்க்கும்.

அதிகம் புழங்குவது சி.ஏ.டி (Combat Application Tourniquet) வகை. வெளியே வெல்க்ரோ உறை, அதற்குள் வழுக்கி ஓடும் உள்நாடா, நாடாவை முறுக்கும் திருகுகோல், கோலைப் பிடித்து வைக்கும் கொளுவி, நேரம் எழுதும் சிறு பட்டி, பக்கிள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகப் பழுதாகும்.

முதலில் போவது வெல்க்ரோ. சாரத்து நூல், முடி, உப்புவெளி நிலாவெளிக் கரையில் பயிற்சி செய்தால் மணல், எல்லாம் கொக்கிப் பற்களுக்குள் ஏறிவிடும். ஒட்டிய வாலை மேலே தூக்கி உரித்துப் பார்ப்பது சோதனை ஆகாது. நல்ல வெல்க்ரோவும் அப்படி உரியும். துடையில் சுற்றி ஒட்டிவிட்டு, நாடா ஓடும் திசையிலேயே பலமாக இழுங்கள். மயிரிழை வழுக்கினாலும் கழித்துவிடுங்கள். வழுக்கும் நாடா நாளத்தை மட்டும் அடைத்து நாடியைத் திறந்தே விடும். இரத்தம் உள்ளே போய்க்கொண்டிருக்கும், திரும்பி வர வழியிருக்காது. அப்போது காயத்தில் பெருக்கு கூடும்.

அடுத்தது உள்நாடா, பலர் கவனிக்காத இடமும் இதுதான். திருகுகோலின் துளைக்குள் நாடா ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் மடிந்து முறுகுகிறது. அந்த மடிப்பில் நூல் பிசிர் கிளம்பியிருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அவிழ்த்த பிறகு நாடாவைத் தட்டையாக நீவி, உள்நாடாவைப் பழைய இடத்துக்கு இழுத்துவிட வேண்டும். அப்படிச் செய்யாமல் அடுத்தவருக்குக் கொடுத்தால் பாதி ஓட்டம் முன்பே செலவாகியிருக்கும். கோல் சுற்றும், இறுக்கம் வராது. பிழை தன் கையில் என்று மாணவர் நினைப்பார்.

கோலை மேசையில் வைத்து உருட்டினால் வளைவு தெரியும். துளையைச் சுற்றி வெள்ளைக் கோடு ஓடியிருந்தால் பிளாஸ்டிக் களைத்துவிட்டது, முறியப்போகிறது. பி.வி.சி குழாயில் பழகுகிறவர்களுக்கு இது சீக்கிரம் வரும். குழாய் துடைபோல் அமுங்காது. இறுகிய பிறகும் பலவந்தமாகத் திருப்பினால் கோல்தான் வளையும். கொளுவியின் விளிம்பு மழுங்கியிருந்தால் கோல் நழுவிப் பின்னோக்கிச் சுழன்றுவிடும்.

எத்தனை தடவையில் கழிப்பது என்று ஒரு எண் சொல்லிவிட முடியாது. கையில் இறுக்குவதும் பருத்த துடையில் இறுக்குவதும் ஒன்றல்ல. அதனால் பாவனைக்கு முன் ஒவ்வொரு முறையும் பார்ப்பதே சரி.

பாவிக்காமல் வைத்திருந்தாலும் கெடும். கச்சான் காலத்தில் ஓட்டோவின் முன்தட்டிலோ படகின் அணியத்திலோ கிடந்தால் வெயில் நைலோனையும் பிளாஸ்டிக்கையும் தின்னும். உப்பு வெல்க்ரோவில் படியும். ஆப்கானிஸ்தானில் படையினர் உடுப்பின் வெளிப்புறத்தில் கொளுவித் திரிந்த டூர்னிக்கெட்டுகள், முதலுதவிப் பைக்குள் இருந்தவற்றைவிட அதிகம் உடைந்ததை 2013இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மூடிய பையில், நிழலில் வையுங்கள். பயிற்சிச் சாமானை மென்சவர்க்காரமும் நல்ல தண்ணீரும் விட்டுக் கழுவி நிழலில் உலர்த்துங்கள். குளோரின் வேண்டாம். வெல்க்ரோப் பற்களைப் பழைய பல்துலக்கியால் துடைக்கலாம்.

பயிற்சிக்கென்று நீல நிறத்தில் வருகிறது. அது கிடைக்காவிட்டால் கறுப்பு நாடாவின் வாலில் அழியாத மையால் ‘பயிற்சி’ என்று பெரிதாக எழுதுங்கள். உயிர் காக்கும் பைக்குள் அது ஒருநாளும் போகக்கூடாது. உண்மையான காயத்துக்குப் பாவித்தது ஒரு தடவையோடு சரி.

பரீட்சையில் காயத்துக்கு மேலே 5 முதல் 7 சென்ரிமீற்றரில், மூட்டைத் தவிர்த்துக் கட்டுங்கள். கோலைத் தொடுமுன் நாடாவின் தளர்வு முழுவதையும் இழுத்தெடுங்கள். மூன்று விரல் நுனிகள் உள்ளே நுழையக்கூடாது. தளர்வை ஒழுங்காக எடுத்தவருக்கு வழமையாக மூன்று அரைச்சுற்றுக்குள் காரியம் முடியும். அதற்கு மேல் போனால் அவிழ்த்துத் தளர்வை எடுங்கள், கோலோடு மல்லுக்கட்டாதீர்கள். இரத்தம் நின்று, கீழ்நாடித் துடிப்பும் அற்ற பிறகு கொளுவியில் பூட்டி நேரத்தை எழுதுங்கள். சக மாணவரில் கட்டினால் துடிப்பு நின்றதைப் பார்த்தவுடன் தளர்த்திவிடுங்கள்.

மேசையில் வைத்திருப்பது பழுதென்று கண்டால் தொடங்குமுன்பே பரீட்சகரிடம் சொல்லி மாற்றிக் கேளுங்கள். அதில் கூச்சம் வேண்டாம். உண்மையான காயத்தில் கட்டும்போது கோல் முறிந்தால் முதலாவதைக் கழற்றாமல், அதற்கு மேலே ஒட்டினாற்போல் இரண்டாவதைக் கட்டுங்கள். இரண்டாவது இல்லையென்றால் காயத்துக்குள் துணியைத் திணித்து, 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் அம்புலன்ஸ் வரும்வரை இரு கையாலும் அழுத்திப் பிடியுங்கள்.